தவளைக்கால் உரைத்த உண்மை: குளோட் பெர்னார் வாழ்க்கை

பேலியகொடையில் நான் குடியிருக்கும் ஒழுங்கை களனி கங்கையை நோக்கிச் சரிந்து செல்கின்றது. அதன் இரு மருங்கிலும் தொட்டாற்சுருங்கி படர்ந்து கிடக்கும். மீன் சந்தை லொறிகள் பெருந்தெருவில் இரைவதற்கு முன்னர், விடியற்காலையில் அவ்வழியே உலாவி வருவது என் வழக்கம். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மாணவர்க்கு விஞ்ஞானம் கற்பித்த பழக்கமோ, முதுமையில் திரும்பி வரும் சிறுபிள்ளைத்தனமோ அறியேன். குனிந்து ஓரிலையைத் தொட்டு, அது கூம்புவதைப் பாராமல் நான் அவ்விடத்தைக் கடந்ததில்லை.

சென்ற ஆண்டு எனக்கு வயிற்றிலே ஒரு சத்திரசிகிச்சை வேண்டியதாயிற்று. கத்திக்கு நான் அஞ்சவில்லை. எங்கோ வாசித்த ஒரு செய்தியே என்னை வாட்டிற்று. மயக்க மருந்தோடு உடலை அசைவற்றதாக்கும் வேறொரு மருந்தையும் ஏற்றுவார்கள் என்றும், மயக்கம் போதாதுபோனால் நோயாளி யாவற்றையும் உணர்ந்தபடியே ஒரு விரலையும் அசைக்க மாட்டாமல் கிடக்க நேரலாம் என்றும் அச்செய்தி கூறிற்று. மயக்க மருந்து கொடுக்கவிருந்த வைத்தியர் ஓர் இளம்பெண். சிகிச்சைக்கு முதல்நாள் என்னைப் பார்க்க வந்த அவரிடம் என் அச்சத்தை வெட்கத்தோடு வெளியிட்டேன். அவர் சிரிக்கவில்லை, அரிதாயினும் அஞ்சத் தக்க விடயமே என்று ஒப்புக்கொண்டார். இரண்டும் வெவ்வேறு மருந்துகள், வெவ்வேறு இடங்களில் வேலை செய்பவை, ஆதலால் ஒவ்வொன்றையும் தனித்தனியே காவல் செய்வோம் என்று விளக்கினார். மணிக்கட்டில் இரண்டு சிறு ஒட்டுகளை ஒட்டி, மெல்லிய மின்துடிப்பைச் செலுத்தி, பெருவிரல் அசைகின்றதா என்று பார்ப்பார்களாம். இந்த உபாயத்துக்கு வழிகாட்டியது ஒரு தவளை என்றும், அந்தத் தவளையிடம் பாடம் கேட்டவர் குளோட் பெர்னார் என்றும் சொல்லி எழுந்து சென்றார்.

நீரிழிவுப் பாடத்திலே ஈரலைப்பற்றிச் சொல்லும்போது அப்பெயரைக் கரும்பலகையில் நான் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். தவளைக் கதையோ எனக்குத் தெரியாது. உடல் தேறிய நாட்களில் அம்மனிதரின் வரலாற்றைத் தேடி வாசித்தேன். வாசித்ததையும், வாசித்தபின் என்னுள் எழுந்ததையும் ஈண்டு எழுதுகிறேன்.

மருந்துக்கடைச் சிறுவன்

பிரான்சு தேசத்தில் சோன் நதிக்கு மேற்கேயுள்ள குன்றுப் பிரதேசம் திராட்சைத் தோட்டங்களுக்குப் பெயர்போனது. அங்கே சென் ஜூலியன் என்னும் சிற்றூரில் 1813 ஆம் ஆண்டு யூலை 12 ஆம் நாள் பெர்னார் பிறந்தார். தந்தையார் திராட்சை பயிரிடும் கமக்காரர். செல்வம் என்று சொல்லத்தக்கது அக்குடும்பத்தில் இருந்ததில்லை. ஊர்ப் பாதிரியாரிடம் இலத்தீன் பயின்று, பின்னர் அயலூர்ப் பாடசாலைகளில் படித்த அவர், படிப்பிலே பெரிதாக மின்னியவரும் அல்லர். 1832 ஆம் ஆண்டில் லியோன் நகரத்துப் புறத்தே ஒரு மருந்துக்கடையில் வேலை பழகச் சேர்ந்தார்.

அக்கடையில் தெரியாக் என்னும் பழங்கால மருந்தொன்று விற்பனையாயிற்று. பற்பல சரக்குகளைச் சேர்த்துக் குழைத்த லேகியம் அது. எந்த நோய்க்கும் அதுவே மருந்து என்று மக்கள் நம்பி வாங்கினர். கெட்டுப்போன சரக்கு எதையேனும் பெர்னார் வீசப் போனால், அதைத் தெரியாக்கிற்கு எடுத்து வைக்கும்படி முதலாளி சொல்வாராம். எது குணமாக்கியது, எது கெடுத்தது, எது வீணே கிடந்தது என்று ஒருவருக்கும் தெரியாத அந்தக் கலவையைப் பார்த்து அவ்விளைஞர் உள்ளூர நகைத்தார். கலந்து கிடப்பதைப் பிரித்துப் பார்க்கவேண்டும் என்ற வேட்கை அவருக்கு அங்கேதான் முளைத்திருக்கவேண்டும் என்று நான் எண்ணுகிறேன். பின்னாளில் அவர் செய்த அருஞ்செயல் யாவும் அந்த ஒரு வேட்கையின் கிளைகளே.

ஆயினும் அந்நாளில் அவர் மனம் விஞ்ஞானத்தில் இல்லை, நாடகத்தில் இருந்தது. அவர் எழுதிய ரோன் நதி ரோசா என்னும் சிறு நகைச்சுவை நாடகம் லியோன் அரங்கொன்றில் நடிக்கப்பட்டது. அந்த உற்சாகத்திலே ஐந்து அங்கங்களில் ஒரு சோக நாடகமும் எழுதினார். மருந்துக்கடையை விட்டு, அந்தக் கையெழுத்துப் பிரதியோடு 1834 ஆம் ஆண்டில் பாரிசு சேர்ந்தார். அங்கே சோர்போன் பல்கலைக்கழகத்தில் இலக்கியப் பேராசிரியராயிருந்த சென் மார்க் ஜிரார்டன் நாடகத்தை வாசித்துவிட்டு, மருந்துக்கடைப் பழக்கம் உள்ளவர் வைத்தியம் படித்து வயிற்றைக் காத்துக்கொள்வது நல்லது, ஓய்ந்த வேளையில் கவிதை எழுதலாம் என்று அன்போடு புத்தி சொன்னார். இலக்கிய உலகம் ஒரு நடுத்தர நாடகாசிரியரை இழந்தது. அந்த விமர்சகருக்கு வைத்திய உலகம் இன்றும் கடன்பட்டிருக்கிறது.

நிலவறைப் பரிசோதனைச்சாலை

வைத்தியக் கல்லூரியிலும் பெர்னார் கூச்சமுள்ள, பேசாத மாணவராகவே காணப்பட்டார். 1839 ஆம் ஆண்டு வைத்தியசாலை உள்ளகப் பயிற்சிக்கு நடந்த போட்டியில் தேறிய 29 பேரில் அவருக்குக் கிடைத்தது 26 ஆவது இடம். அங்கேதான் மஜாந்தி என்னும் முரட்டு ஆசிரியரின் கண்ணில் அவர் பட்டார். நூல்களில் எழுதியிருப்பதை நம்பாமல் உயிருள்ள உடலிலே சோதித்துப் பார்க்கவேண்டும் என்பது மஜாந்தியின் மதம். பெர்னாரின் விரல்களுக்கு இருந்த திறமையைக் கண்டு அவரைத் தம் உதவியாளராக்கிக் கொண்டார்.

1843 இல் வைத்தியப் பட்டம் கிடைத்தது. மறு ஆண்டில் ஆசிரியப் பதவிக்கு எழுதிய பரீட்சையில் தோல்வி கிடைத்தது. ஊருக்குத் திரும்பி நாட்டு வைத்தியராகிவிடலாமா என்று எண்ணும் அளவுக்கு அவர் தளர்ந்தார். 1845 இல் பாரிசு வைத்தியர் ஒருவரின் மகளாகிய பனி மார்த்தனை மணந்தார். அப்பெண் கொண்டுவந்த சீதனத்தால் ஆராய்ச்சியைத் தொடர முடிந்தது. சீதனத்தின் நிழலில் படித்து முன்னேறியவர்களை அறிந்த நம்மவர்க்கு இச்செய்தி புதுமையன்று. அது இல்லற இன்பத்துக்கு உத்தரவாதமன்று என்பதும் நாம் அறிந்ததே.

அவர் வேலை செய்த இடங்கள் ஈரமும் இருளும் நிறைந்த நிலவறைகள். அங்கேதான் கணையநீர் கொழுப்பைச் செரிக்கச் செய்யும் விதம் தெரியவந்தது. ஈரல் தானே சர்க்கரையை உண்டாக்கிக் குருதியில் விடுகின்றது என்பது வெளிப்பட்டது. குருதிக் குழாய்கள் சுருங்குவதும் விரிவதும் நரம்புகளின் ஆணையால் என்பது விளங்கிற்று. 1854 இல் விஞ்ஞானக் கழகத்தில் இடம் கிடைத்தது. 1855 இல் மஜாந்தி மறைய, கொலேஜ் த பிரான்சில் அவரது ஆசனத்தில் அமர்ந்தார்.

அம்பு நஞ்சு

தென்னமெரிக்கக் காடுகளில் வாழும் பழங்குடியினர் ஒருவகைக் கொடியின் பட்டையை வடித்துக் காய்ச்சி, அம்பு நுனியிலே பூசுவார்கள். குராரே என்னும் அந்த நஞ்சு பட்ட விலங்கு அலறுவதில்லை; துடிப்பதில்லை; கால் மடிந்து சாய்ந்து உயிரை விடும். இலண்டனில் 1814 இல் வாட்டர்ட்டன் என்னும் பிரயாணியும் அவர் நண்பர்களும் இந்நஞ்சை ஒரு கழுதைக்கு ஏற்றி, மூச்சு நின்றதும் துருத்தியால் அதன் நுரையீரலுக்குக் காற்றை ஊதிக்கொண்டிருக்க, சில மணி நேரத்தில் அது எழுந்து நின்றது. மூச்சு அடங்குவதாலேயே சாவு நேர்கிறது என்பது அதனால் தெரிந்தது. நஞ்சு உடலில் எதைத் தாக்குகிறது என்பதோ மறைபொருளாகவே இருந்தது.

1844 இல் பெலூஸ் என்னும் இரசாயன அறிஞர் கொடுத்த குராரே பெர்னாரின் கைக்கு வந்தது. அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் அவர் நடத்திய பரிசோதனைகளுள் ஒன்றை ஒரு நாடகத்தின் உச்சக் காட்சிக்கு ஒப்பிடலாம்.

ஒரு தவளையின் இடுப்பிலே, பின்கால்களுக்குச் செல்லும் நரம்புகளை மட்டும் விட்டு, மற்றெல்லாவற்றையும் நூலால் இறுக்கிக் கட்டினார். அதனால் பின்கால்களுக்குக் குருதி போகாது. ஆனால் நரம்பின் செய்தி போகும், வரும். பின்னர் உடலின் முற்பகுதியிலே நஞ்சை ஏற்றினார். முற்பகுதி முழுவதும் துவண்டு பிணம்போலக் கிடந்தது. அப்பொழுது அசைவற்ற அந்த முன்காலைக் கிள்ளினார். கிள்ளப்பட்ட கால் அசையவில்லை. நஞ்சு சேராத பின்கால்கள் துள்ளின!

அந்தத் துள்ளலின் பொருளை நாம் ஆறுதலாக எண்ணிப் பார்க்கவேண்டும். கிள்ளியதைச் செத்துக் கிடந்த தோல் உணர்ந்திருக்கிறது. உணர்ச்சி நரம்பு அச்செய்தியை முள்ளந்தண்டுக்குக் கொண்டு சென்றிருக்கிறது. அங்கிருந்து ஆணையும் பிறந்திருக்கிறது. ஆணையை நிறைவேற்றத் திராணியுள்ள தசை பின்காலில் மட்டுமே எஞ்சியிருந்தது. நஞ்சுண்ட தசையிலே நேராக மின்சாரம் பாய்ச்சினால் அது சுருங்கியது. அதற்குரிய நரம்பிலே பாய்ச்சினால் சுருங்கவில்லை. ஆகவே தசை கெடவில்லை, உணர்வு கெடவில்லை, அசைவுக்கான ஆணை தசையைச் சேரும் வாயிலே அடைபட்டிருக்கிறது. அந்த வாயிலின் நுட்பத்தைப் பின்வந்தவர்களே செம்மையாக விளக்கினார்கள். அசைவு நரம்பே நஞ்சுண்டது என்று பெர்னார் கருதியதைத் திருத்தியும் கொண்டார்கள். பிரித்துக் காட்டிய பெருமை மட்டும் அவருடையதே.

1864 இல் பொதுமக்களுக்கான சஞ்சிகையொன்றில் இந்த நஞ்சைப்பற்றி அவர் ஒரு நீண்ட கட்டுரை வரைந்தார். அமைதியான மரணமென்று உலகம் கருதியது உண்மையில் மிகக் கொடிய மரணம் என்பதை அதில் விளக்கினார். அறிவும் உணர்வும் விழித்திருக்க, அவற்றுக்கு ஏவல் செய்யும் உறுப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக விலகிப் போகின்றன. உயிருள்ள ஒருவன் தன் உடலுக்குள்ளேயே சிறைப்படுகிறான். அழகிய சோக நாடகம் எழுத விரும்பிய இளைஞர் ஐம்பது வயதை எட்டியபின் எழுதிய உண்மைச் சோகம் அது.

பிளவுபட்ட இல்லம்

அந்தச் சோகம் அவர் வீட்டு வாயிலையும் தட்டிற்று. பெர்னாரின் மேசைமீது நாய்களும் முயல்களும் தவளைகளும் அறுக்கப்பட்டன. தொடக்க ஆண்டுகளில் உணர்வகற்றும் மருந்து உலகுக்கே தெரியாது. தெரிந்த பின்னரும் எல்லாப் பரிசோதனைகளிலும் அது பயன்படவில்லை. ஒருமுறை வயிற்றிலே வெள்ளிக் குழாய் பொருத்தப்பட்ட நாயொன்று பரிசோதனைச்சாலையிலிருந்து தப்பி ஓடித் தன் எசமானின் வீட்டை அடைந்தது. எசமானோ அப்பகுதிப் பொலிஸ் அதிகாரி! அழைத்து விசாரிக்கப்பட்ட பெர்னார் உள்ளதை ஒளிக்காமல் சொல்லி மன்னிப்புக் கேட்டார். அதிகாரி சினம் தணிந்து நண்பராகி, பிறகு அவருக்குக் காவலாகவும் இருந்தார். இந்தக் கதையைப் பெர்னாரே பின்னாளில் மாணவர்க்குச் சொன்னதுண்டு.

மனைவியும் இரு புதல்வியரும் அப்படி மனம் இரங்கவில்லை. ஆண்மக்கள் இருவரும் குழந்தைப் பருவத்திலேயே இறந்துபோக, எஞ்சிய பெண்மக்கள் தாயின் பக்கம் நின்றார்கள். வாயில்லாப் பிராணிகளைக் காப்பதே அம்மூவருக்கும் அறமாயிற்று. ஒரே கூரையின்கீழ் இரு முகாம்கள் அமைந்தன. 1870 அளவில் சட்டப்படி பிரிவு ஏற்பட்டது.

இதில் எவர் பக்கம் நியாயம்? ஆராய்ச்சியிலே ஆழ்ந்தவன் தான் தேடும் உண்மையைக் காண்கிறானேயன்றி விலங்கின் அலறலைக் கேட்பதில்லை என்ற கருத்துப்படப் பெர்னார் எழுதினார். அவர் தந்த உண்மைகளால் பிழைத்தவர்களுள் நானும் ஒருவன். எனினும் இந்த இடத்தில் அவரோடு என் மனம் செல்ல மறுக்கிறது. அசையாத உடலுக்குள்ளே வலி விழித்திருக்கும் என்று உலகுக்கு முதன்முதல் நிறுவிக் காட்டியவரே அவரல்லவா? குராரே ஏற்றப்பட்டு அசைவற்றுக் கிடந்த விலங்குகளின்மேல் அக்காலப் பரிசோதனைச்சாலைகளில் கத்தி வைக்கப்பட்டது. மேசையில் அலறல் இல்லை என்பதற்காக அங்கே வலி இல்லை என்று எவரும் ஆறுதல் கொள்ள அவரது கண்டுபிடிப்பே இடங்கொடுக்கவில்லை.

அவரது பரிசோதனைச்சாலையில் சில மாதம் வேலை செய்த ஹொகன் என்னும் பிரித்தானிய வைத்தியர் 1875 இல், ஆசிரியரின் பெயரைச் சுட்டாமல், தாம் கண்ட கொடுமைகளைப் பத்திரிகைக்கு எழுதினார். இங்கிலாந்திலே கிளர்ச்சி மூண்டது. 1876 இல் விலங்குப் பரிசோதனைகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் பிறந்தது. குராரே உணர்வகற்றும் மருந்தாகக் கொள்ளப்படலாகாது என்று அச்சட்டம் வெளிப்படையாக விதித்தது. பெர்னாரின் தவளை சொன்ன சாட்சியமே பெர்னாரின் தொழிலுக்குக் கடிவாளமாயிற்று. இத்தகைய நியாயத்தை எந்த நாடகாசிரியரால் கற்பனை செய்ய முடியும்?

உறங்கிய செடி

அசைவை மட்டும் பறித்து உணர்வை விட்டுவைப்பது குராரே. ஈதர், குளோரோபோம் முதலிய ஆவிகளோ மூச்சோடு உட்சென்று, குருதி வழியாக மூளையை அடைந்து, உணர்வைப் பறிப்பவை. அமெரிக்காவில் 1846 இல் ஈதரும், ஸ்கொத்லாந்தில் 1847 இல் குளோரோபோமும் சத்திரசிகிச்சைக்குப் புகழ்பெற்றன. ஒன்றின் வழியை அறிந்த பெர்னார் மற்றதன் வழியையும் தேடினார்.

1864 அளவில் ஒரு நாய் குளோரோபோம் மயக்கம் தெளிந்துவரும் வேளையில் அதற்கு அபினிச் சத்தாகிய மோர்பீனை ஏற்றினார். புதிதாகக் குளோரோபோம் கொடுக்காமலே நாய் மீண்டும் உணர்வற்றுப்போயிற்று. இவ்விரு மருந்துகளும் கூடும்போது ஒன்றையொன்று வலுப்படுத்துகின்றன. ஆதலால் குளோரோபோமின் அளவைக் குறைத்தும் அதே பயனைப் பெறலாம். அளவு குறையவே ஆபத்தும் குறையும். சத்திரசிகிச்சைக்கு முன்னர் வேறொரு மருந்தை ஏற்றி மயக்கத்தை இலகுவாக்கும் வழக்கத்துக்கு இந்த ஆராய்ச்சி ஓர் அடிக்கல். தெரியாக் என்னும் குருட்டுக் கலவையை நகைத்தவர், ஒவ்வொன்றின் குணமும் அறிந்து கலக்கும் கலவைக்கு இவ்வாறு வழி வகுத்தார்.

மயக்க மருந்துகளைப்பற்றிய அவரது விரிவுரைகள் 1875 இல் நூலாயின. அதே 1875 இல்தான் எங்கள் பேலியகொடையில் வித்தியாலங்காரப் பிரிவேனா தொடங்கியது என்பது என் மனத்தில் பதிந்த ஒற்றுமை.

பெர்னாரின் கடைசிக்கால ஆராய்ச்சிகளுள் ஒன்று என்னைத் திடுக்கிட வைத்தது. தொட்டாற்சுருங்கிச் செடியொன்றை ஒரு கண்ணாடிக் கூட்டின்கீழ் வைத்து, ஈதரில் தோய்த்த பஞ்சையும் அருகிலே வைத்தார். சிறிது நேரத்தின்பின் இலையைத் தொட்டால் அது கூம்பவில்லை. கூட்டை அகற்றி நல்ல காற்றுப் படவிட்டதும் பழைய நாணம் திரும்பிற்று. முளைக்கும் விதையும் ஈதர் ஆவியிலே முளைப்பதை நிறுத்திக் காத்திருந்தது. உயிருள்ள எதற்கும் பொதுவான ஓர் உணர்திறன் உண்டு, மயக்க மருந்து அதைத் தொடுகிறது என்று அவர் முடிவு செய்தார். மூளைக் கலத்தின் உட்பொருள் சிறிது உறைவதே மயக்கத்தின் காரணம் என்ற அவரது விளக்கம் நிலைக்கவில்லை. ஆனால், ஒழுங்கையோரத்தில் நான் நாள்தோறும் விளையாட்டாகத் தொட்ட செடியைப் பாரிசு நகரத்து முதியவர் ஒருவர் உயிரின் மர்மத்தைக் கேட்கத் தொட்டார் என்பது என்னைச் சற்றே நாணச் செய்தது.

திராட்சைத் தோட்டத்து மாலை

நிலவறைகளின் ஈரமோ, ஓயாத உழைப்போ, 1860 களில் பெர்னார் நெடுநாள் நோயுற்றார். பிறந்த ஊருக்குத் திரும்பித் திராட்சைக் கொடிகளிடையே உடலைத் தேற்றினார். அந்த ஓய்விலே முதிர்ந்த நூல்தான் 1865 இல் வெளிவந்த பரிசோதனை வைத்திய ஆராய்ச்சிக்கு ஒரு முகவுரை. விஞ்ஞானிகளேயன்றி நாவலாசிரியர் எமில் சோலாவும் அதிலிருந்து தம் இலக்கியக் கொள்கையை வகுத்துக்கொண்டார். 1866 இல் நண்பருக்கு உற்சாகமூட்டப் பாஸ்டர் பத்திரிகையிலே ஒரு பாராட்டுக் கட்டுரை எழுதினார். 1868 இல் பிரெஞ்சு இலக்கியக் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றுக்கொண்டது. நாடகத்தோடு ஏறமுடியாத படியை விஞ்ஞானத்தோடு ஏறினார். 1869 இல் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் அவரைச் செனற்றராக்கினார்.

வீட்டில் கிடைக்காத உரையாடலை அவர் கடிதங்களில் தேடினார். ராபலோவிச் என்னும் கற்றறிந்த பெண்மணிக்கு 1869 முதல் சாகும்வரை நூற்றுக்கணக்கான கடிதங்கள் எழுதினார். திராட்சை அறுவடை, காய்ச்சல், தனிமை, விரிவுரை என எல்லாம் அவற்றில் இடம்பெற்றன. கூட்டத்தில் பேசாதவராய்க் காணப்பட்ட அம்மனிதர் உள்ளே எவ்வளவு உணர்ந்தார் என்பதை அக்கடிதங்களே பிற்காலத்துக்குக் காட்டின.

1878 ஆம் ஆண்டு பெப்ரவரி 10 ஆம் நாள் பாரிசிலே சிறுநீரக நோயால் அவர் உயிர் துறந்தார். பிரெஞ்சு அரசு அவருடைய ஈமச்சடங்கைப் பொதுச்செலவில் நடத்திற்று. போர்வீரர்க்கும் அரசியலாளர்க்குமே உரியதாயிருந்த அந்த மரியாதை ஒரு விஞ்ஞானிக்கு அந்நாட்டில் கிடைத்தது அதுவே முதல்முறை.

பெருவிரலின் சாட்சி

பெர்னாரின் குரல் தமிழுக்கு எட்ட நெடுங்காலம் ஆகவில்லை. பாரிசிலே அவரிடம் பயின்ற அமெரிக்கராகிய டால்ற்றன் தம் நாட்டிலே உடற்றொழிலியல் நூலொன்று எழுதினார். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழிலே மேலைநாட்டு வைத்தியம் கற்பித்த சாமுவேல் கிறீன் தமிழாக்குவித்த நூல்களுள் அதுவும் ஒன்று. 1883 இல் மனுஷ சுகரணம் என்ற பெயரோடு அது அச்சேறியது. ஆசிரியர் மறைந்து ஐந்தே ஆண்டுகளில் அவர் மாணவரின் நூல் நம் மொழியிற் பேசியது. இதை அறிந்தபோது எனக்கு உண்டான பெருமிதம் சிறிதன்று.

குராரே சத்திரசிகிச்சை மேசைக்கு வரப் பின்னும் பல ஆண்டுகள் சென்றன. வயிற்றைத் திறக்கும் வைத்தியருக்கு வயிற்றுத் தசை தளர்ந்திருக்கவேண்டும். அத்தளர்ச்சியை ஈதரால் மட்டுமே உண்டாக்குவதானால், நோயாளியைச் சாவின் வாயிலருகே கொண்டுபோகும் ஆழத்துக்கு மயக்கவேண்டும். 1942 ஆம் ஆண்டு ஜனவரி 23 ஆம் நாள் கனடாவின் மொன்றியல் நகரில் ஹரோல்ட் கிறிபித் என்னும் வைத்தியர், குடல்வால் சத்திரசிகிச்சைக்கு வந்த இளைஞர் ஒருவருக்கு மயக்க வாயுவோடு சிறிதளவு குராரேயையும் ஏற்றினார். இலேசான மயக்கத்திலேயே தசைகள் தளர்ந்தன. பெர்னார் பிரித்துக் காட்டிய இரண்டும் அன்று ஒரே மேசையில் கைகோத்தன.

கைகோத்தவை ஒன்றையொன்று வலுப்படுத்தவும் செய்தன. ஈதர் மயக்கத்தில் உள்ளவருக்குக் குராரேயின் வழக்கமான அளவில் மூன்றில் ஒரு பங்கே போதும் என்று வைத்தியர் விரைவிலே கண்டுகொண்டனர். இன்று ஈதரின் இடத்தில் ஐசோபுளுரேன், செவோபுளுரேன், டெஸ்புளுரேன் முதலிய ஆவிகள் வந்துள்ளன. குராரேயின் இடத்தில் அதன் வழிவந்த புதிய மருந்துகள் வந்துள்ளன. உறவு மாறவில்லை. இந்த ஆவிகள் மூளையை மயக்குவதோடு நில்லாமல், முள்ளந்தண்டிலிருந்து அசைவுக்கு ஆணையிடும் நரம்புக் கலங்களையும் அடக்குகின்றன. நரம்பு தசையைச் சேரும் வாயிலிலே அசற்றைல்கோலின் என்னும் இரசாயனத் தூதன் வந்து கதவைத் தட்டுவான். அக்கதவையும் இவை இறுக்கிவிடுகின்றன. ஆகவே, ஆவியின் துணையிருக்கும்போது தளர்த்தும் மருந்து குறைந்த அளவில் மிகுந்த வேலை செய்கிறது. அதன் செயல் நெடுநேரம் நீடிக்கிறது. முன்னர்ப் புழங்கிய ஹாலோதேனைவிட இப்புதிய ஆவிகளுக்கு இவ்வாற்றல் அதிகம். நைற்றரஸ் ஒக்சைட்டுக்கு மிகக் குறைவு. ஆவியை நிறுத்தி நோயாளி அதை மூச்சோடு வெளிவிட்டதும் அந்தத் துணை குறைந்துபோகிறது. இக்கணக்கை அறியாமல் அளந்தால், சிகிச்சை முடிந்தபின்னும் மார்புத் தசைகள் தளர்ந்திருக்க, நோயாளி மூச்சுக்குத் திணறுவார்.

வலுப்படுத்தும் இந்த உறவு உணர்ச்சியின் பக்கத்தில் இல்லை என்பதை மறந்துவிடலாகாது. தளர்த்தும் மருந்தை எவ்வளவு ஏற்றினாலும் அது மயக்கத்தைச் சிறிதும் ஆழமாக்காது. அமெரிக்காவில் ஸ்மித் என்னும் வைத்தியர் 1946 இல் தம் உடலிலே வேறு மயக்க மருந்தின்றி மிகுதியான குராரேயை ஏற்றச் செய்தார். இமையும் அசைக்க இயலாமல் கிடந்த அவர், எழுந்தபின் தமக்கு நடந்தவற்றையும் சுற்றியிருந்தோர் பேசியவற்றையும் விவரித்தார். தவளை சொன்னதை மனிதன் வாய்திறந்து உறுதிசெய்தான்.

அதனாலேயே இன்று இரு காவல்கள். வெளிவரும் மூச்சிலே ஆவியின் அளவு ஒவ்வொரு முறையும் அளக்கப்படுகிறது. அது உணர்வுக்குக் காவல். மணிக்கட்டிலே சுண்டுவிரல் பக்கமாக ஓடும் நரம்பை அரை வினாடிக்கு ஒன்றாக நான்கு முறை தூண்டி, பெருவிரல் எப்படித் துடிக்கிறது என்று பார்க்கப்படுகிறது. அது தசைக்குக் காவல். நான்காவது துடிப்பு முதலாவதின் பத்தில் ஒன்பது பங்குக்கேனும் திரும்பிய பின்னரே நோயாளி தாமே மூச்சு விடத் தகுந்தவர் என்று கருதப்படுகிறார். நரம்பைத் தூண்டித் தசையைப் பார்த்த பெர்னாரின் நிலவறை மேசை இப்பொழுது ஒவ்வொரு நோயாளியின் கையிலும் ஒட்டப்பட்டிருக்கிறது.

எனது சிகிச்சை இனிதே முடிந்தது. எனக்கு நினைவில் இருப்பது கூரை விளக்கும், அடுத்த கணத்தில் தாதியின் குரலுமே. மாலையில் அந்தப் பெண் வைத்தியர் வந்து, என் பெருவிரல் நன்றாகத் துடித்ததென்று சொல்லிவிட்டுப் போனார்.

வீடு திரும்பிப் பெர்னாரை வாசித்த நாட்களில் ஒரு நினைவு என்னை விட்டு அகலவில்லை. முப்பது ஆண்டு வகுப்பறையில், ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்த பிள்ளைகளையே நல்ல பிள்ளைகள் என்று நான் குறித்து வைத்தேன். பசியோடு வந்த பிள்ளையும் அவர்களுள் இருந்திருக்கும். வீட்டிலே அடிபட்டு வந்த பிள்ளையும் இருந்திருக்கும். அவர்களுடைய மணிக்கட்டைத் தொட்டுப் பார்க்க எனக்குத் தோன்றியதில்லை. அசையாதிருந்ததற்காக அவர்களை மெச்சினேன்.

விடியற்காலை உலாவலை மீண்டும் தொடங்கிவிட்டேன். தொட்டாற்சுருங்கி அவ்விடத்திலே படர்ந்துதான் கிடக்கிறது. இப்பொழுதெல்லாம் நான் அதைத் தொடுவதில்லை. சற்று நின்று பார்த்துவிட்டு, காலில் மிதிபடாமல் விலகி நடக்கிறேன்.